ஒரு சொட்டு இல்லாமல் திறந்த பார்

1. தட்டோடு போன இடத்தில்

திறப்பு விழாவுக்கு ஒரு வாரம் இருக்கும்போது, பழமும் வெற்றிலைபாக்கும் அழைப்பிதழும் வைத்த தட்டோடு மேல்சித்தாமூரில் ஒரு நயினார் வீட்டுக்குப் போனேன். தமிழ்ச் சமணக் குடும்பத்துப் பெரியவர்களை எங்கள் பக்கம் நயினார் என்றுதான் மரியாதையாகக் கூப்பிடுவோம். அவருடைய தாத்தா செஞ்சியில் கட்டிய கட்டடத்தில்தான் எங்கள் ஹோட்டல் இருக்கிறது. அந்தக் காலத்தில் கீழே மல்லாட்டை, அதாவது வேர்க்கடலைக் கிடங்கு, மேலே வீடு. சொத்து பிரித்தபோது விற்றுவிட்டார்கள். இரண்டு கை மாறி எங்கள் கம்பெனிக்கு வந்தது. அவரை அழைக்க வேண்டும் என்று கம்பெனியில் யாரும் சொல்லவில்லை. கட்டினவர் வீட்டுக்குச் சொல்லாமல் அந்த வீட்டில் விளக்கேற்றுவது எனக்குத்தான் மனசு ஒப்பவில்லை.

நான் அந்த ஹோட்டலின் ரெஸ்டாரன்ட் மற்றும் பார் மேனேஜர். சொந்த ஊர் பனமலைப் பக்கம். சென்னையிலும் கோவாவிலும் கப்பலிலும் இருபது வருஷத்துக்கு மேல் பார் கவுண்டருக்குப் பின்னால் நின்றவள். எங்கள் நைனா, அதாவது அப்பா, ஊரில் கேட்பவர்களிடம் மகளுக்கு ஹோட்டலில் ஆபீஸ் வேலை என்று சொல்லிவைத்திருந்தார். உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூட முடியுமா? எல்லோருக்கும் தெரியும். எனக்கு அதில் ஒரு வெட்கமும் இல்லை.

கட்டடத்தைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தால் நிறுத்த மாட்டேன், அதனால் சுருக்கமாக. கடுக்காய்த் தண்ணீரும் வெல்லமும் சேர்த்து அரைத்த சுண்ணாம்பில் பழைய சுவர்களைத் திரும்பப் பூசினார்கள். சுவரில் ஓர் ஆணி அடிக்கவும் இன்ஜினீயர் அனுமதிக்கவில்லை. அதனால் பாட்டில் வைக்கும் ஷெல்ஃப் எல்லாம் தரையில் தனியாக நிற்கிற மாதிரி நானே அளவு கொடுத்துச் செய்ய வைத்தேன். கழற்றிப்போட்ட தேக்கு உத்தரத்தை இழைத்துக் கவுண்டர் பலகை ஆக்கினோம். ஜன்னலைத் திறந்தால் கோட்டை மலை ராஜகிரி எதிரே நிற்கும். நான் வேலை பார்த்த எந்த ஊர் பாரும் அதற்குக் கிட்ட வராது.

நயினார் அழைப்பிதழை வாங்கி நிதானமாகப் படித்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"ஏம்மா, இந்த நாள யாரு பாத்தது?"

எங்கள் எம்.டி.யின் அம்மா பார்த்தார்கள், நல்ல முகூர்த்தம் என்று சொன்னார்கள் என்றேன்.

"நல்ல நாளுதான். எங்களுக்கு இதவிட நல்ல நாளு கெடையாது. அன்னிக்கு மகாவீர் ஜெயந்தி. கவர்மென்ட்டே கடைய மூடிடுவான். நீங்க எப்பிடிம்மா பார் தொறப்பீங்க?"

எனக்குக் காது இரண்டும் சூடாகிவிட்டது. இந்தத் தொழிலில் இல்லாதவர்களுக்காகச் சொல்கிறேன். எங்களுடையது ஹோட்டல் பாருக்குக் கொடுக்கிற எஃப்.எல்.3 லைசென்ஸ். அரசு அறிவிக்கிற டிரை டேக்களில் ஒரு பெக்கூட விற்கக் கூடாது, கொடுக்கக் கூடாது. கறிக்கடைக்கும் அன்று விடுமுறை. ராகுகாலம் பார்த்தோம், எமகண்டம் பார்த்தோம், குளிகைகூடப் பார்த்தோம். கல்யாணத்துக்கு நாள் குறித்துவிட்டு மாப்பிள்ளை ஊரில் இருக்கிறாரா என்று பார்க்காமல் விட்டோம்.

விழாவுக்கு வர முடியாது என்பதையும் அவர் நேராகவே சொன்னார். மதித்து வந்ததில் சந்தோஷம், ஆனால் தன் அப்பா தினமும் விளக்கேற்றிய இடத்தில் குடிப்பதைப் பார்க்கத் தன்னால் ஆகாது என்றார். கோபமாகச் சொல்லவில்லை. அவருடைய மனைவி எனக்கு மோர் கொடுத்தார். அதைக் குடித்துவிட்டு வண்டியைக் கிளப்பினேன்.

2. வெங்காயம் இல்லாத கிச்சன்

எம்.டி. சென்னைக்காரர். கெட்டவர் இல்லை, அவசரக்காரர். விஷயத்தை அவரிடம் சொன்னேன். தள்ளிப்போடலாமா என்று கேட்டேன். அம்மா பார்த்த முகூர்த்தத்தை மாற்ற முடியாது, சென்னையிலிருந்து வருகிறவர்களுக்கு ரூம் போட்டாகிவிட்டது என்றார். அப்படியானால் அன்றைக்குச் சரக்கு இல்லாமல் திறக்கலாம், மெனுவை நான் பார்த்துக்கொள்கிறேன் என்றேன். "ஏதாவது பண்ணு சுமதி" என்று விட்டுவிட்டார்.

அதுதான் எனக்குக் கிடைத்த அனுமதி. வெளியே வந்ததும் முதல் வேலையாக நயினாருக்குப் போன் போட்டேன். விழா நாளன்று அந்தக் கட்டடத்துக்குள் ஒரு சொட்டு மது கிடையாது, கறி மீன் கிடையாது, குடும்பத்தோடு வந்து சாப்பிட்டுவிட்டுப் போங்கள் என்றேன். அவர் உடனே கேட்டார்.

"சமையல் எப்ப ஆவும்? நாங்க பொழுது சாயறதுக்குள்ள சாப்ட்டுருவோம்."

பொழுது இருக்கவே பந்தி வைக்கிறேன் என்று வாக்குக் கொடுத்தேன். கொடுத்த பிறகுதான் செஃப் மோகன் ஞாபகத்துக்கு வந்தார். அவர் டின்னரை எட்டு மணிக்குத் திட்டம் போட்டிருந்தார். இப்போது சாயங்காலமே சாப்பாடு, அதிலும் சமணர்கள் தொடாத வெங்காயம், பூண்டு, உருளை, கேரட், பீட்ரூட் என்று மண்ணுக்குள் விளைவது எதுவும் இல்லாமல். மனுஷன் கரண்டியைக் கீழே வைத்துவிட்டார். வெங்காயம் இல்லாமல் கிரேவி செய்யச் சொல்வதும் தண்ணீர் இல்லாமல் நீச்சல் அடிக்கச் சொல்வதும் ஒன்று என்றார். நானும் விடவில்லை, சண்டை போட்டோம். மறுநாள் அவரே முந்திரியும் தக்காளியும் பூசணிக்காயும் வைத்து ஒரு கிரேவி செய்துகொண்டுவந்து, என் முன்னால் வைத்துவிட்டு நின்றார். அதை வழித்துச் சாப்பிட்டேன். அதற்குப் பிறகு அவர் விசிலடித்துக்கொண்டுதான் வேலை பார்த்தார்.

என் பக்கமும் லேசாக இல்லை. மது சேராத மாக்டெயில் லிஸ்ட்டில் பாதி அடிபட்டுப்போனது. தேன் ஆகாது, தேனீக்கு இம்சை. நன்னாரி வேர், அதனால் ஆகாது. பச்சை இஞ்சியும் மண்ணுக்குள் விளைவது, ஆகாது, ஆனால் சுக்கு ஆகும். தண்ணீரைத் துணியில் வடிகட்டிக் காய்ச்ச வேண்டும், ஐஸும் அந்தத் தண்ணீரில்தான். கடைசியில் சுட்ட மாங்காய், வெல்லப்பாகு, சுக்கு, ஏலக்காய், ஒரு சிட்டிகை உப்பு என்று வந்து நின்றேன். ஐஸோடு ஷேக்கரில் அடித்து, இரண்டு தரம் வடிகட்டி, வாய் அகன்ற கூப்பே கிளாஸின் விளிம்பில் உப்புத் தடவிக் கொடுத்தால் கப்பலில் நான் விற்ற எந்த காக்டெயிலுக்கும் குறைச்சல் இல்லை. அதைக் கண்டுபிடித்த அன்று நானே எனக்குக் கை கொடுத்துக்கொண்டேன்.

3. சாவி

விழா நாள் மதியம் எம்.டி. என்னை மாடிக்குக் கூப்பிட்டார். அங்கே ஒரு அறையில் மூன்று விருந்தாளிகள் உட்கார்ந்திருந்தார்கள். மூன்று பேரும் டூர் ஏஜென்ட்டுகள். திருவண்ணாமலைக்கும் பாண்டிச்சேரிக்கும் நடுவே பஸ் பஸ்ஸாக ஆட்களைக் கூட்டிப்போகிறவர்கள். அந்த பஸ்கள் செஞ்சியில் கோட்டையைப் பார்க்க நிற்கும், ராத்திரி தங்காது. தங்கவைத்தால்தான் எங்கள் ஹோட்டல் நிமிரும். எம்.டி. என்னை வராந்தாவுக்கு அழைத்துவந்து குரலைத் தாழ்த்தினார்.

"ரெண்டு ஸ்காட்ச் எடுத்துக் குடு. டீ பாட்ல ஊத்தி மேல அனுப்பிடு. கீழ யாருக்கும் தெரியாது."

முடியாது என்றேன். இன்று டிரை டே, லைசென்ஸ் போய்விடும் என்றேன்.

"யாரு வந்து பாக்கப்போறாங்க, சுமதி?"

"யாரும் வர மாட்டாங்க சார். ஆனா இன்னிக்கு ஒரு சொட்டு கிடையாதுன்னு நயினார்கிட்ட சொல்லிட்டேன்."

"அவரு கீழ சாப்பிடப்போறாரு. மாடியில நடக்கிறது அவருக்கு எப்படித் தெரியும்?"

"எனக்குத் தெரியுமே சார்."

அவர் கையை நீட்டினார். பாட்டில்கள் பூட்டியிருக்கிற ஸ்டோரின் சாவியைக் கேட்கிறார். நான் கொடுக்கவில்லை. ஸ்டாக் என் பொறுப்பில் இருக்கிறது, வேறொருவருக்கு சார்ஜ் கொடுக்கச் சொல்லி எழுதிக்கொடுங்கள், கையெழுத்துப் போட்டுச் சாவியை வைத்துவிட்டுப் போகிறேன், நான் இருக்கிறவரைக்கும் இன்றைக்கு அந்தப் பூட்டு திறக்காது என்று சொல்லிவிட்டேன். எம்.டி. முகம் கறுத்துவிட்டது.

"சரி. நாளைக்குப் பேசிக்கலாம்."

ஹோட்டல் லைனில் இருப்பவர்களுக்கு அந்த 'நாளைக்கு' என்றால் வேலை போகிற நாள் என்று தெரியும். கைப்பிடியைப் பிடித்துக்கொண்டுதான் படி இறங்கினேன். சென்னை வேலையை விட்டுவிட்டு, மகளை இங்கே பள்ளிக்கூடத்தில் சேர்த்துவிட்டு வந்திருக்கிறேன். செஞ்சியில் என் தொழிலுக்கு இரண்டாவது கடை கிடையாது. வெண்ணெய் திரண்டு வரும்போது தாழியை நானே உடைத்துக்கொண்டேனோ என்று பயந்தேன். பயந்ததை மறைத்து எழுத எனக்கு இஷ்டமில்லை. சாவி மட்டும் என் இடுப்பில்தான் இருந்தது.

4. முதல் கிளாஸ்

வெயில் தாழும்போது நயினார் வந்தார். மனைவி, இரண்டு மகன்கள், மருமகள்கள், பேரப்பிள்ளைகள் என்று ஒரு வேன் நிறைய வந்தார்கள். மேல்சித்தாமூர் சமண மடத்தில் ஜெயந்தி பூஜை முடிந்து நேராக வருகிறார்கள். வாசலில் நின்று அண்ணாந்து மாடியைப் பார்த்தார். சுண்ணாம்புச் சுவரில் உள்ளங்கையை வைத்துத் தடவினார். சாப்பாட்டைக் குறை வைக்காமல் சாப்பிட்டார்கள். பூசணிக்காய்க் கிரேவியை அவர் மனைவி இரண்டாம் தரம் கேட்டு வாங்கினார். செஃப் அதைக் கதவிடுக்கில் நின்று பார்த்துவிட்டு உள்ளே ஓடினார்.

கை கழுவியதும் நயினார் தனியாக பார் பக்கம் வந்தார். நிலைப்படிக்கு வெளியிலேயே நின்றார்.

"மறைக்காம சொல்லும்மா. இங்க இதுவரைக்கும் ஊத்துனது உண்டா?"

மாடிக்கு டீ பாட் போயிருந்தால் அந்த நிமிஷம் நான் என்ன செய்திருப்பேன் என்று இன்றைக்கும் நினைத்துப் பார்ப்பேன். தரையைப் பார்த்து ஏதாவது முணுமுணுத்திருப்பேன். இப்போது அவர் முகத்தைப் பார்த்தே சொன்னேன்.

"இல்ல நயினார். இந்தக் கட்டடத்துல எங்கயும் இன்னிக்கு வரைக்கும் ஒரு சொட்டு ஊத்தல. இந்த ஷேக்கர், கிளாஸ் எல்லாம் பெட்டியில இருந்து இன்னிக்குத்தான் பிரிச்சது. நாளைக்கு ஊத்துவோம். அதுதான் என் வேல. அதையும் சொல்லிட்றேன்."

அவர் ஷேக்கரைக் கையால் காட்டினார்.

"நாளைக்கு நான் வரப்போறதில்ல. இன்னிக்கு ஒண்ணு குடு."

நிலைப்படியைத் தாண்டி வந்து உயர ஸ்டூலில் ஏறி உட்கார்ந்தார். வேட்டியைச் சரிசெய்துகொண்டார். நான் மாங்காயும் பாகும் ஐஸும் போட்டு ஷேக்கரைத் தோளுக்கு மேலே தூக்கி அடித்தேன். மோர் கடைவதற்கா இவ்வளவு ஆட்டம் என்று கேட்டார். நான் கண்டுகொள்ளாமல் அடித்தேன். என் வாழ்க்கையில் அதைவிட நன்றாக ஷேக்கர் அடித்ததில்லை. அந்த பாரில் முதன்முதலாகக் கவுண்டரைத் தாண்டிப் போன கிளாஸ் அதுதான். அவர் முழுக்கக் குடித்துவிட்டுக் கிளாஸைக் கீழே வைத்தார்.

"சுக்கு கொஞ்சம் தூக்கலா இருக்குது. மத்தபடி நல்லா இருக்குதும்மா."

பிறகு ஜன்னல் பக்கம் கையைக் காட்டி, அங்கேதான் அறுவடைக்குப் பிறகு அப்பா மல்லாட்டை மூட்டையை உத்தரம் வரைக்கும் அடுக்குவார், நாங்கள் மேலே ஏறி விளையாடினால் அடிப்பார் என்று சொல்லிச் சிரித்தார். எனக்குக் கண் கலங்கிவிட்டது. கிளாஸ் துடைக்கிற மாதிரி திரும்பிக்கொண்டேன்.

அப்போதுதான் கவனித்தேன், எம்.டி. கதவருகே ஏஜென்ட்டுகளோடு நின்றிருந்தார். எவ்வளவு நேரமாக நின்றார் என்று தெரியாது. நயினாரைப் பார்த்துக் கும்பிட்டார். ஏஜென்ட்டுகளில் ஒருவர் முகத்தைத் தூக்கிக்கொண்டு ரூமுக்குப் போனவர் மறுநாள் காலையில்தான் வெளியே வந்தார். அவர் இன்றுவரை ஒரு பஸ்ஸும் அனுப்பியதில்லை. மற்ற இரண்டு பேரும் ஸ்டூலில் உட்கார்ந்து, அந்தப் பெரியவர் குடித்ததையே எங்களுக்கும் கொடுங்கள் என்றார்கள். ஒருவருடைய பஸ் இப்போது மாதத்தில் சில தடவை எங்கள் வாசலில் ராத்திரி நிற்கிறது. அந்த ட்ரிங்க் இன்றும் மெனுவில் இருக்கிறது, சுக்கைக் குறைத்துவிட்டேன்.

மறுநாள் எம்.டி. ஊருக்குக் கிளம்பும்போது, என்னவோ பேச வேண்டும் என்றீர்களே சார் என்று நானே போய்க் கேட்டேன். ஸ்டோர் சாவிக்கு டூப்ளிகேட் செய்யச் சொல்லாதே, ஒன்றே போதும், அது உன்னிடமே இருக்கட்டும் என்று சொல்லிவிட்டு காரில் ஏறினார்.

அன்றைக்கு எந்த அதிகாரியும் சோதனைக்கு வரவில்லை. ஊற்றியிருந்தால் யாருக்கும் தெரிந்திருக்காது, எம்.டி. சொன்னது நூற்றுக்கு நூறு சரி. கேட்டரிங் படித்துவிட்டு என்னிடம் வேலைக்கு வருகிற பிள்ளைகளிடம் இதையும் மறைக்காமல் சொல்வேன். ஷேக்கர் பிடிப்பதும் பெக் அளப்பதும் ஆறு மாதத்தில் கைக்கு வந்துவிடும். வாசலில் நின்று ஒருவர் நேராகக் கேள்வி கேட்கும்போது முகம் பார்த்துப் பதில் சொல்கிற மாதிரி கடையை நடத்துங்கள். அப்படி நடத்தினால்தான் அவர் உள்ளே வந்து உட்காருவார்.