ஒரு தேத்தண்ணியும் என் இரண்டு கைகளும்

1. டொக்டருக்குப் படிக்கிறவர்

பத்தொன்பது வருடம் ஒரு காப்புறுதிக் கம்பனியில் கோப்புப் பார்த்துவிட்டு, நாற்பத்தாறாவது வயதில் ஓ.ரி. ஆகலாமென்று முனைவர் பட்டப் படிப்பில் சேர்ந்தேன். பாரிசவாதம் வந்தவர்களும் விழுந்து எலும்பு முறிந்தவர்களும் திரும்பவும் தாங்களாகவே குளித்து, உடுத்து, சமைத்து வாழ வழிசெய்கிற தொழில்வழிச் சிகிச்சையாளர்தான் ஓ.ரி. இதை நான் விளக்கி முடிப்பதற்குள் கேட்டவர் எழும்பிப் போயிருப்பார். முனைவர் பட்டம் என்பது மட்டும் ஊரின் காதில் தங்கிவிட்டது.

வடலண்டன் எட்மண்டனில் ஞாயிறு பூசை முடிந்து வெளியே வந்தால், ஒருவர் காற்சட்டையைச் சுருட்டி முழங்காலைக் காட்டுவார்.

"அண்ணை, டொக்டருக்குப் படிக்கிறியளாம். இதை ஒருக்காப் பாருங்கோ."

"நான் முழங்கால் பாக்கிறேல்லை. அந்த முழங்காலோட நீங்கள் எப்பிடிப் படி ஏறுறியள் எண்டு பாப்பன்."

"அதைப் பாக்கிறதுக்கும் டொக்டர் பட்டமோ?"

நியாயமான கேள்வி.

2. மூன்று கோப்பை

பயிற்சிக்காகத் தென்லண்டனில் ஓர் ஆஸ்பத்திரியின் பாரிசவாத வார்டில் போட்டார்கள். எனக்கு மேலதிகாரி கவிதா. கோயம்புத்தூர்ப் பிள்ளை, வயது முப்பத்தொன்று. என்னை அண்ணா என்றுதான் கூப்பிடுவாள்; என் குறிப்புகளைச் சிவப்பு மையால் வெட்டும்போதும் அந்த மரியாதை குறையாது.

"அண்ணா, ஒண்ணே ஒண்ணு. நம்ம கை எப்பவும் பின்னாடி இருக்கணும். பேஷண்ட் திணறுனாலும் பாத்துட்டு நில்லுங்க. ஆபத்துன்னா மட்டும் தொடுங்க."

அதை எழுதி அடியில் இரண்டு கோடும் போட்டேன். கோடு போட்டால் படித்ததாகிவிடும் என்று நம்புகிற தலைமுறை நான்.

எனக்குக் கிடைத்த முதல் நோயாளி மேரி அக்கா. மன்னார், வயது அறுபத்துநான்கு. பக்கத்திலுள்ள மிச்சம் என்ற ஊரில் தனியாக இருப்பவர். இருபது வருடம் அங்கே பங்குக் கோயில் சமையலறையை ஆண்டவர். பாரிசவாதம் இடக்கையை இளக்கியிருந்தது. அவர் தனியே ஒரு தேத்தண்ணி போட்டுக் காட்டினால் வீட்டுக்குப் போகலாம். இல்லையென்றால் பராமரிப்பு இல்லம். கனடாவிலிருக்கும் மகள் இல்லத்தின் படங்களைக்கூட அனுப்பிவிட்டாள்.

"பின்னேரம் அஞ்சு மணிக்கு இராச்சாப்பாடாம் தம்பி," என்றார் அக்கா. "அது இராச்சாப்பாடோ, மத்தியானத்தின்ர மிச்சமோ? நான் அங்க போகமாட்டன்."

வார்டின் சின்னச் சமையலறையில் பரீட்சை. கவிதா மூலையில் படிவத்தோடு நின்றாள். அக்கா கைத்தடியை ஊன்றி உள்ளே வந்து, ஒருமுறை சுற்றிப் பார்த்தார்.

"தம்பி, கேத்திலில தண்ணி பிடியும்."

பிடித்தேன்.

"மேல்தட்டில சீனி இருக்கு. எடும்."

எடுத்தேன்.

"பாலை இப்ப விடாதையும். சாயம் இறங்கட்டும்."

பொறுத்தேன்.

"மூண்டு கோப்பை வையும். அந்தப் பிள்ளை எவ்வளவு நேரமாய்ச் சும்மா நிக்குது."

எட்டு நிமிடத்தில் மூன்று கோப்பையும் தயார். அக்காவின் முன்னேற்றத்தை நினைத்து எனக்கு நெஞ்சு நிறைந்தது. கவிதா கடைசிச் சொட்டுவரை குடித்துவிட்டுக் கேட்டாள்:

"டீ சூப்பர் அண்ணா. இப்ப சொல்லுங்க, நாம யாரை அசெஸ் பண்ணோம்?"

படிவத்தைப் பார்த்தேன். தண்ணீர் பிடித்தல்: முழு உதவி. சீனி எடுத்தல்: முழு உதவி. ஊற்றுதல்: முழு உதவி. நரம்பியலில் எண்பது மதிப்பெண் எடுத்தவன் நான். ஒரு அக்கா 'எடும்' என்றால் கை மூளையைக் கேட்காமலே எழும்பிவிடுவதற்கு அந்தப் புத்தகத்தில் பெயரில்லை.

"நாளைக்கு இன்னொரு சான்ஸ் தர்றேன். நாளைக்கும் இப்படின்னா அவங்க ஹோமுக்குத்தான். அதுக்குக் காரணம் அவங்க கை இல்ல, உங்க கை."

அக்காவிடம் போய்ச் சொன்னேன்.

"ஏன் திரும்ப? நான் தேத்தண்ணி போட்டனான்தானே?"

"நான்தான் அக்கா போட்டது."

"நீரோ? நான் சொல்லாட்டி உமக்குப் போடத் தெரியுமோ?"



3. ஏலாது

மறுநாள் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டே உள்ளே போனேன்.

"தம்பி, தண்ணி பிடியும்."

"ஏலாது அக்கா."

மிச்சத்துச் சமையலறையில் இருபது வருடமாக எவரும் சொல்லாத சொல். அக்கா என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"ஏன், உமக்கும் கை இழுத்துப்போட்டுதோ?"

"இல்லை அக்கா. நீங்கள்தான் செய்யவேணும்."

"எங்கட கோயிலில கையைக் கட்டிக்கொண்டு நிக்கிறவனுக்குச் சோறு இல்லை, தெரியுமோ?"

கோபம் நல்ல மருந்து. அக்கா இடுப்பை மேசை விளிம்பில் சாய்த்து, தடியை ஓரமாக வைத்து, கேத்திலில் பாதிக்குத் தண்ணீர் பிடித்தார். சீனியும் இறங்கியது. பால் போத்தலின் மூடிதான் வரவில்லை. இடக்கை வழுக்கியது. இரண்டாம் முறையும் வழுக்கியது. என் வலக்கை தானாகக் கிளம்ப, இடக்கையால் அதன் மணிக்கட்டைப் பிடித்து இறுக்கினேன். கவிதா அக்காவைவிட என்னைத்தான் அதிகம் கவனித்துக்கொண்டிருந்தாள்.

அக்கா போத்தலை இடது அக்குளுக்குள் செருகி, உடம்போடு நெரித்து, வலக்கையால் முறுக்கினார். மூடி திறந்தது. கொஞ்சம் பால் சட்டையில் சிந்தியது.

"பாரும், சட்டையெல்லாம் பால். நல்லாய் நிண்டு பாரும்."

பார்த்தேன். கண் கொஞ்சம் மங்கலாக இருந்தது. கேத்தில் ஆவி என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இரண்டு கோப்பை. ஒன்றை மேசைமேல் தள்ளித் தள்ளிக் கவிதாவிடம் சேர்த்தார். மற்றது தனக்கு.

"எனக்கு, அக்கா?"

"உமக்குத்தான் ஏலாதே."

கவிதா படிவத்தின் எல்லாக் கட்டத்திலும் 'தனியாக' என்று குறித்தாள். அடுத்த வாரம் அக்கா மிச்சத்து வீட்டுக்கே போனார்.

4. பரீட்சை இல்லாத நாள்

இரண்டு கிழமை கழித்து, அக்கா வீட்டுக் குளியலறைச் சுவரில் கைப்பிடி சரியாகப் பூட்டியிருக்கிறார்களா என்று பார்க்க நானும் கவிதாவும் போனோம். அக்காவே வந்து கதவைத் திறந்தார். திறக்க நேரம் எடுத்தது. கையைக் கட்டிக்கொண்டு வெளியே நின்றேன்.

"இண்டைக்கும் பரீட்சையோ?"

"இல்லை அக்கா."

"அப்ப போய் மூண்டு தேத்தண்ணி போடும். இஞ்சி தட்டிப் போடும்."

கவிதாவைப் பார்த்தேன். "போங்கண்ணா," என்று சிரித்தாள்.

பால் போத்தலில் கை வைத்திருப்பேன், முன்னறையிலிருந்து சத்தம் வந்தது: "பாலை இப்ப விடாதையும்!" அங்கிருந்து என்னைப் பார்க்க வழியே இல்லை.

போன ஞாயிறு, பூசைக்கு முன்னமே, அந்த முழங்கால்காரர் அதே கேள்வியோடு திரும்பவும் பிடித்துக்கொண்டார். இந்த முறை பதில் இருந்தது. "ஓம், அதுக்கும் பட்டம் வேணும். உதவி செய்ய எல்லாருக்கும் ஏலும். செய்யாமல் நிக்கிறதுக்குத்தான் நான் இவ்வளவு காலம் படிக்கவேண்டி வந்தது."

அவர் கோயில் படியேறத் தொடங்கினார். நான் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டேன்.