முடிவு என்றொரு கட்டம்

காலையில் அறையைத் திறந்ததும் நாற்காலியைத் துடைப்பது குச்சியக்காவின் வேலையே அல்ல. அதற்கென்று துப்புரவுக்காரம்மா இருக்கிறாள். அவள் துடைத்து முடித்த மருந்து வாடை அறையில் இன்னும் நிற்கும். ஆனாலும் குச்சியக்கா கையுறையை மாட்டிக்கொண்டு, கைப்பிடி, முதுகுப்பக்கம், உட்கார்ந்தவர்கள் பயத்தில் விரலால் பிறாண்டும் அடிப்பலகை வரைக்கும் ஈரத்துணியால் இன்னொரு தரம் தேய்ப்பாள்.

"நான் துடைச்சது உனக்குப் பத்தலையாக்கும்?" என்று வாசலில் நின்று கேட்பாள் துப்புரவுக்காரம்மா.

"தரை உன்னோடது, நாற்காலி என்னோடது. போவியா."

"இந்த அக்கறையைக் கட்டினவர்கிட்டக் காட்டியிருந்தா மனுஷன் ரெண்டு சுத்து பெருத்திருப்பாரு."

குச்சியக்கா என்பது நோயாளிகள் வைத்த பெயர். அந்த ஆஸ்பத்திரியில் ஆபரேஷனுக்குப் படுக்க வருகிற யாரானாலும், கலெக்டரே ஆனாலும், முதலில் அவள் முன்னால் உட்கார்ந்து தலையை அண்ணாந்தாக வேண்டும். பஞ்சு சுற்றிய நீளக் குச்சியை மூக்குக்குள் விட்டு ஐந்து எண்ணும்வரை சுழற்றி, குழாயில் போட்டு மூடி லேபுக்கு அனுப்புவாள். பதினேழு வருஷமாக இதே வேலை. வருகிறவர்கள் எல்லாரும் ஒரே கேள்வியைத்தான் கேட்பார்கள். காய்ச்சல் கிடையாது, சளி கிடையாது, எனக்கு எதற்கு இந்தக் கண்றாவி?

"உங்களுக்கு ஒண்ணும் ஆகாது சார். மருந்துக்கு மசியாத கிருமி ஒண்ணு இருக்கு. சில பேர் மூக்குல சத்தம் போடாம குடியிருக்கும். பக்கத்துப் படுக்கையில தையல் போட்ட ஆளைப் பாத்தாத்தான் அது வாலை ஆட்டும்."

வீட்டிலும் அவள் பேச்சு அப்படித்தான். வாசலில் யாராவது தும்மினால் செருப்பைக் கழற்றும் முன்பே விசாரணை தொடங்கிவிடும். "எல்லார் வீட்லயும் வந்தவங்கள வாங்கன்னு கூப்பிடுவாங்க. எங்க அண்ணி மட்டும் மூக்க நிமித்துங்கம்பாங்க" என்பான் கொழுந்தன். பஸ் ஓட்டுகிற கணவர் குலுங்கிக் குலுங்கிச் சிரிப்பார். முதலில் சிரிப்பவள் அவளாகத்தான் இருப்பாள். இரண்டு வருஷத்துக்கு முன்வரை.

அப்போது ஃபார்மில் மூன்று கட்டங்கள் இருந்தன. அறிகுறி, முன்பு வந்ததா, முடிவு. முதல் இரண்டையும் கேட்டு எழுதிவிடலாம். லேபிலிருந்து முடிவு வர இரண்டு நாள் ஆகும். அதற்குள் நோயாளியை வார்டுக்கு அனுப்ப வேண்டி வந்தால், முடிவு இன்னும் கைக்கு வரவில்லை என்று எழுத வேண்டும். கட்டமோ கட்டைவிரல் அகலம்தான். அதனால் அந்த அறையில் வேலை பார்த்த எல்லாருமே சுருக்கமாக 'இல்லை' என்று எழுதிவந்தார்கள். முடிவு: இல்லை. வார்டில் இருந்த பெரிய சிஸ்டருக்கு அந்த எழுத்தின் அர்த்தம் தெரியும். அதைப் பார்த்தாலே நோயாளியைத் தனி அறையில் போட்டுவிட்டு லேபுக்குப் போன் அடிப்பார்.

அன்று பெரிய சிஸ்டர் லீவு. முழங்கால் ஆபரேஷனுக்கு ஒரு டீச்சரம்மா வந்திருந்தாள். மூக்கில் குச்சி போனபோதுகூட, "எங்க கிளாஸ் பிள்ளைங்க இதைப் பாத்தா விசில் அடிக்கும்" என்று சிரித்தவள். சளியும் இல்லை, காய்ச்சலும் இல்லை. குச்சியக்கா வழக்கம்போல எழுதி அனுப்பினாள். வார்டில் இருந்த புது நர்ஸ் அதை வாசித்தாள். முடிவு: இல்லை. கிருமி இல்லை. நல்லது. ஆறு படுக்கை உள்ள பொது வார்டில், ஜன்னலோரம் இடுப்பெலும்புக்குத் தையல் போட்டுப் படுத்திருந்த ஒரு அம்மாவுக்குப் பக்கத்துப் படுக்கையை டீச்சரம்மாவுக்குக் கொடுத்தாள்.

லேபிலிருந்து தாள் வந்தபோது இரண்டு இரவுகள் கழிந்திருந்தன. கிருமி இருந்தது. டீச்சரம்மாவை அவசரமாகத் தனி அறைக்கு மாற்றினார்கள். நாலாம் நாள் ஜன்னலோர அம்மாவின் தையலில் சீழ் வைத்தது. பிறகு ரத்தத்தில் கலந்தது. பதினோராம் நாள் படுக்கை காலியாகிவிட்டது. இரண்டு பேர் உடம்பிலும் இருந்தது ஒரே கிருமி என்று லேப்காரர் சொன்னார்.

விசாரணை நடந்தது. ஃபார்ம்தான் தப்பு என்று முடிவானது. 'வந்தது, வரவில்லை' என்று ஒரு கட்டமும், 'உண்டு, இல்லை' என்று இன்னொரு கட்டமும் வைத்துப் புதிதாக அச்சடித்தார்கள். பழைய ஃபார்ம்களைக் கட்டாகத் தூக்கிப் போகும்போது லேப்காரர், "பாவம், ஃபார்முக்கு வாயா இருக்கு, எதிர்த்துப் பேச" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். கையெழுத்து யாருடையது என்று ஒருவரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் தேவலாம் என்று அவளுக்கு இருந்தது. திட்டு வாங்கியிருந்தால் அழுதாவது தீர்த்திருக்கலாம்.

அன்றிலிருந்து 'இல்லை' என்ற சொல் அவள் வாயில் வருவதில்லை. சர்க்கரை இருக்கா என்று கணவர் கேட்டால், "வாங்கணும்" என்பாள். மகன் வந்துட்டானா என்றால், "வெளியில இருக்கான்" என்பாள். "ஏண்டி, இல்லன்னு ஒரு வார்த்தை சொன்னா நாக்கு அழுகிடுமா?" என்று ஒருநாள் அவர் வேடிக்கையாகக் கேட்டுவிட்டார். அவள் அடுப்பைத் தணித்தாள். இருட்டில் அல்ல, பட்டப்பகலில், பஸ் ஜன்னலோரம் உட்கார்ந்திருக்கும்போது அந்தக் கட்டம் அவள் கண்ணுக்கு முன்னால் வரும். அவளுடைய உருண்டைக் கையெழுத்து, 'லை'யின் வால் கட்டத்துக்கு வெளியே கொஞ்சம் நீட்டிக்கொண்டிருக்கும்.

அதைவிட மோசம் டீச்சரம்மா. பழக்கடையில் பார்த்துவிட்டால் ஓடி வந்து கையைப் பிடித்துக்கொள்வாள். "குச்சியக்கா, முழங்கால் ஜம்முன்னு இருக்கு! பக்கத்துல படுத்திருந்தாங்களே, அந்தம்மா எப்படி இருக்காங்க? வீட்டுக்குப் போயிட்டாங்களா?" ஒருமுறை கேட்டுவிட்டாள். போயிட்டாங்க என்று சொல்லி, பழத்தை எடுக்காமலே வந்துவிட்டாள் குச்சியக்கா.

ஒரு செவ்வாய்க்கிழமை. பதினொன்றாம் டோக்கன். குடலிறக்கத்துக்கு ஆபரேஷன் செய்துகொள்ள வந்த லிஃப்ட் மெக்கானிக். கதவைத் திறந்ததுமே அவளுக்கு அடையாளம் தெரிந்துவிட்டது. வார்டு வராந்தாவில் பதினோரு நாளும் சாயங்காலங்களில் ஒரே தூணில் சாய்ந்து நின்ற ஆள், ஜன்னலோர அம்மாவின் மகன். அவனுக்கு அவளைத் தெரியாது. அப்போது வராந்தா முனைவரை வந்து பார்த்துவிட்டுத் திரும்பிப் போனவள்தானே அவள்.

காய்ச்சல், சளி, இருமல் கேட்டாள். ஒன்றும் கிடையாது என்றான். குச்சியின் உறையைக் கிழித்தாள். அவன் தலையை நிமிர்த்தவில்லை. தன் உள்ளங்கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தான். ரேகைகளில் கிரீஸ் கறுப்பாக உறைந்திருந்தது.

"சிஸ்டர், இதுல எனக்கு இருக்குன்னு வந்தா, அது ரொம்ப நாளா இருக்குன்னு அர்த்தமா?"

"சொல்ல முடியாது. ஏன்?"

"எங்கம்மா இங்கதான் போனாங்க. அந்தக் கிருமிதான். வேலை முடிஞ்சு இந்தக் கையோட நேரா வந்து அவங்க கையப் பிடிச்சுட்டு உக்காந்திருப்பேன். நான்தான் கொண்டாந்து குடுத்துட்டேன்னு தங்கச்சி இன்னிவரைக்கும் எங்கிட்ட முகம் குடுக்கறதில்ல." சிரிக்கப் பார்த்தான். "அவ சொல்றதும் சரியாத்தான் இருக்கும். இந்தக் குச்சி சொல்லிடுமில்ல? இருக்குன்னு வந்துட்டா நான்தானே?"

குச்சி அவள் கையில் நின்றது. வெளியே யாரோ டோக்கன் நம்பர் கேட்டுக் கத்தினார்கள். வாயைத் திறக்காமல் இருந்தால் போதும். இரண்டு நாளில் லேபிலிருந்து ஒரு தாள் வரும். பத்தில் ஒரு மூக்கில் சும்மா உட்கார்ந்திருக்கிற கிருமி இவன் மூக்கிலும் இருந்துவிட்டால், செத்துப்போன அம்மாவை இவன் தலையில் கட்டிவிட்டு அந்தத் தாள் ஃபைலுக்குள் போய்விடும்.

"உங்கம்மாவுக்குப் பக்கத்துப் படுக்கையில ஒருத்தங்க இருந்தாங்களே, ஞாபகம் இருக்கா?" என்றாள்.

"டீச்சரம்மா. அம்மாவுக்குப் பேப்பர் படிச்சுக் காட்டுவாங்க. தலைகூட வாரி விட்டாங்க."

"அவங்களுக்கு இருந்துச்சு. அப்ப அவங்களுக்கே தெரியாது. அவங்க மேலயும் குத்தம் கிடையாது. அவங்களத் தனி ரூம்ல போட்டிருக்கணும்." குச்சியை உறையோடு மேஜையில் வைத்தாள். "லேப்ல இருந்து முடிவு வரல. அதை நான் ஃபார்ம்ல எழுதின விதம் தப்பு. கிருமியே கிடையாதுன்னு படிச்சுட்டு வார்டுல அங்க போட்டுட்டாங்க. எழுதினது நான். உங்க கை காரணமே கிடையாது. தங்கச்சிகிட்டச் சொல்லுங்க. வேணும்னா நானே வந்து சொல்றேன்."

அவன் கையிலிருந்து கண்ணை எடுத்து முதல்முறையாக அவள் முகத்தைப் பார்த்தான். கோபம் வரும் என்று அவள் காத்திருந்தாள். அவன் முகத்தில் ஒன்றும் வரவில்லை. ரொம்ப நேரம் ஒரு பாரத்தைத் தூக்கி நின்றவன், இறக்கி வைக்கச் சொன்ன பிறகும் கையை எடுக்கத் தெரியாமல் நிற்கிற மாதிரி உட்கார்ந்திருந்தான்.

"ரெண்டு வருஷம்" என்றான்.

"ஆமா."

"ரெண்டு வருஷமா உங்களுக்குத் தெரியும்."

"தெரியும்."

கிழித்த உறையில் இருக்கிற குச்சி ரொம்ப நேரம் தாங்காது, தூக்கிப் போட்டுவிட்டு வேறு எடுக்க வேண்டும். அதை யோசித்ததே அவளுக்குக் கூச்சமாக இருந்தது. ஆனால் ஆபரேஷன் வெள்ளிக்கிழமை. இன்று எடுத்தால்தான் அதற்குள் முடிவு வரும்.

"இது எடுத்தாகணும் தம்பி" என்றாள். "நானே எடுக்கட்டுமா, வேற ஆளக் கூப்பிடவா?"

அவன் எழுந்து, மடியிலிருந்த ஃபைலை எடுத்துக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டான். ஒரு கணம் நாற்காலியின் கைப்பிடியில் விரல்களை ஊன்றி நின்றான். பிறகு கதவைத் திறந்து, வரிசையில் காத்திருந்தவர்களைத் தாண்டி வராந்தா வழியாக வெளிவாசலை நோக்கி நடந்து போனான்.