பிரைவேட் போட்ட வீடு

எனக்குப் பொறுமை கிடையாது. பஸ் வரத் தாமதமானால் அடுத்த நிறுத்தத்துக்கு நடக்கத் தொடங்கிவிடுகிற ஆள் நான். தொண்ணூறுகளின் கடைசியில், ராஜபாளையத்தில் வாழ்க்கைப்பட்ட வீட்டிலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு கம்ப்யூட்டர் சென்டருக்குக் காலையில் போய், சி ப்ளஸ் ப்ளஸ் சொல்லிக்கொடுத்துவிட்டு மத்தியானத்துக்குள் திரும்பிக்கொண்டிருந்தேன். நாளில் எனக்கென்று இருந்தது அந்த வகுப்பு மட்டும்தான்.

முதல் பாடம் என்காப்சுலேஷன். விவரங்களையும் அவற்றைக் கையாளும் ஃபங்ஷன்களையும் கிளாஸ் என்கிற ஒரே கூட்டுக்குள் வைத்து, விவரங்களுக்கு பிரைவேட் என்று போட்டுவிட வேண்டும். வெளியாள் அதைத் தொட முடியாது. பப்ளிக் ஃபங்ஷனைக் கூப்பிட்டுக் கேட்டால் அது உள்ளே பார்த்துப் பதில் சொல்லும். மீறினால் ப்ரோகிராமைச் சரிபார்க்கிற கம்பைலர் ஒத்துக்கொள்ளாது. பையன்கள் திருதிருவென்று முழித்தால் எங்கள் வீட்டையே இழுப்பேன். "எங்க மாமனார்கிட்ட நான் நேரா பேச முடியாது. அத்தைகிட்ட சொன்னா அவங்க போய்க் கேட்டுட்டு வந்து சொல்வாங்க. மாமனார் பிரைவேட், அத்தை பப்ளிக்." வகுப்பே சிரிக்கும். பரீட்சையில் அந்தக் கேள்வியை ஒருவன்கூடத் தப்பாக எழுதியதில்லை.

வேடிக்கைக்குச் சொன்னாலும் நிஜம் அதுதான். மாமா செட்டியார்பட்டி சாலையில் பேண்டேஜ் துணிக்குத் தறி போட்டிருந்தார். அவர் எதிரே நான் நிற்பதில்லை, பேசுவதில்லை. ஏதாவது வேண்டுமென்றால் காற்றைப் பார்த்து "தண்ணி இருக்கா" என்பார். கொண்டுபோய்ப் பக்கத்தில் வைத்துவிட்டு வந்துவிடுவேன். நான் கேட்டவையெல்லாம் அத்தை வழியாகப் போய், "அவிய வேண்டாம்னுட்டாவ" என்று திரும்பி வந்தன. சுடிதார் வேண்டாம். அம்மா வீட்டில் கூடுதலாக நாலு நாள் வேண்டாம். காலை வகுப்புக்கு மட்டும் எப்படியோ "சரின்னுட்டாவ" என்று வந்தது. வாயே திறக்காத மனிதர் எப்படி இத்தனைக்கும் குறுக்கே நிற்கிறார் என்று எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

அப்போதுதான் ஜாவா என்கிற புது கம்ப்யூட்டர் மொழி எங்கள் பக்கம் வந்தது. புத்தகத்தைப் பஸ்ஸில் நின்றுகொண்டே படித்தேன். சி ப்ளஸ் ப்ளஸில் ஒரு கிளாஸ் இரண்டு கிளாஸ்களிடமிருந்து சுவீகரித்துக்கொள்ளலாம். இரண்டிலும் ஒரே பெயரில் ஃபங்ஷன் இருந்தால் எதை எடுப்பது என்று இடிக்கும். ஜாவா ஒன்றுக்கு மேல் கிடையாது என்று கறாராகச் சொல்லிவிட்டு, கூடவே இன்டர்ஃபேஸ் என்று ஒன்றைக் கொடுத்தது. அதிலிருந்து நமக்கு எதுவும் வராது. என்னென்ன செய்ய வேண்டும் என்று மட்டும் அது சொல்லும். செய்வது நம் பாடு. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பிறந்த வீட்டிலிருந்து மூக்கும் முன்கோபமும் வந்தன. புகுந்த வீடு எனக்கு இன்டர்ஃபேஸ்தான்.

சென்டர் நடத்தியவர் ஒரு சனிக்கிழமை கூப்பிட்டார். "டீச்சர், ஜாவாவுக்கு ஆள் சேந்தாச்சு. எல்லாம் மில்லு, கடைன்னு வேலைக்குப் போறவங்க. சாயங்காலந்தான் வருவாங்க. உங்களுக்கு முடியாதுன்னா மதுரையிலருந்து ஒருத்தர் வாரேங்கிறார், காலை பேட்சையும் சேத்துக் கேக்கிறார். திங்கக்கிழமை சொல்லிருங்க."

இதைக் கேட்டுப் பார்த்ததில் பாலிமார்ஃபிசம் பாடத்துக்கு நல்ல உதாரணம் கிடைத்தது. ஒரே செய்திக்கு ஒவ்வொரு ஆப்ஜெக்டும் தன் வழியில் பதில் சொல்லும். என் அம்மா "போ" என்றாள். கணவர் "அம்மாவக் கேளு" என்றார். அத்தை "அவியட்ட கேக்கேன்" என்றாள். ஞாயிறு காலையில் பதில் வந்தது. "இருட்டுன பொறவு பொம்பளப்பிள்ள பஸ்ல வர வேண்டாம்னுட்டாவ." பெருக்கின முற்றத்தையே மறுபடி பெருக்கினேன். கணவரிடம் பாய்ந்தேன். "அப்பா சொன்ன பொறவு நான் என்னத்தச் சொல்ல" என்று அவர் ஷிப்டுக்குக் கிளம்பிப் போய்விட்டார். அழுகை வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது.

அன்றைக்குத் தேவதானத்தில் ஒரு காதுகுத்துக்கு அத்தை போய்விட்டாள். மத்தியானம் மாமாவுக்குப் பரிமாற வீட்டில் என்னைத் தவிர யாருமில்லை. சி ப்ளஸ் ப்ளஸில் விவரம் இருக்கும் இடத்தையே நேராகச் சுட்டுகிற பாயின்டர் தெரிந்தவன் பிரைவேட்டைத் தாண்டி உள்ளே கைவைத்துவிடலாம். அப்படிச் செய்யாதே என்று வகுப்பில் எச்சரிப்பேன். ஜாவா அந்தப் பாயின்டரையே எடுத்துவிட்டது. நான் இன்னும் ஜாவாவுக்குப் போகவில்லை.

"மாமா, சாயங்கால வகுப்பு ஏன் வேண்டாம்னீங்க?" ரசத்தை ஊற்றிக்கொண்டே கேட்டேன்.

அவர் தட்டைப் பார்த்தபடியே இருந்தார். "எந்த வகுப்பு?"

சொன்னேன்.

"எங்கிட்ட யாரும் கேக்கலியே."

"அப்போ காலை வகுப்புக்குச் சரின்னது?"

"நீ பையத் தூக்கிட்டுப் போறதப் பாத்துத்தான் எனக்கே தெரியும். வீட்டு விஷயம் எதயும் நான் சொன்னதில்லம்மா. அவ சொல்லுவா, நான் சொன்னேம்பா. நானும் பேசாம இருந்துக்கிடுவேன்." கொஞ்சம் சோறு கேட்டு வாங்கிக்கொண்டார். "ஒங்க அத்தையவே கேளு."

அதுவரை வாங்கிய வேண்டாம்கள் எல்லாம் அத்தையுடையவை. அந்த ஒரே சரியும் அவளுடையதுதான். இது புரிந்த பிறகு யார்மேல் கோபப்படுவது என்று தெரியாமல் அடுப்படிக்கும் வாசலுக்கும் நடந்துகொண்டே இருந்தேன்.

விளக்கு வைக்கும் நேரத்தில் அத்தை வந்தாள். செருப்பைக் கழற்றும்போதே சொன்னேன். "மாமாகிட்ட நேரா கேட்டுட்டேன்."

பையை இறக்கி வைக்காமல் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். "என்ன சொன்னாவ?"

"உங்களைக் கேக்கச் சொன்னாங்க. நீங்க சொல்லுங்க அத்தை. உங்களுக்கு என்ன தோணுது?"

பையை மடியில் இழுத்து வைத்துக்கொண்டாள். பிறகு, "மாமியா வேண்டாம்னான்னா கொடுமக்காரிம்பாவ. சரின்னான்னா, ஒனக்கு ஒண்ணு ஆச்சுன்னா எந்தலையிலதான் விடியும். அவிய சொன்னாவன்னா ஒருத்தரும் வாயத் தொறக்க மாட்டாவ" என்றாள். குரலில் சண்டை இல்லை, களைப்புத்தான் இருந்தது. எனக்கு அவள் மேல் கோபம் மிச்சம் இல்லாமல் போனது அந்தக் குரலால்தான்.

எழுந்து உள்ளே போனவள் திரும்பி வந்தாள். "போயிட்டு வா. பஸ் ஸ்டாண்டுல ஒம் புருசன வந்து நிக்கச் சொல்லு." பிறகு குரலைத் தாழ்த்தி, "ஏட்டி, யாரும் கேட்டா அவிய போகச் சொன்னாவன்னே சொல்லு" என்றாள்.

மறுநாள் காலையில் சென்டருக்குள் நுழைந்ததும் அதை நடத்துகிறவர் நாற்காலியிலிருந்து நிமிர்ந்து, "என்ன டீச்சர், வீட்ல என்ன சொன்னாங்க?" என்றார்.

"மாமா சரின்னுட்டாங்க" என்றேன்.