இரண்டு கிரகங்களும் ஓர் இரும்புக்கடையும்

சாலைக் கடைத்தெருவில் மூன்று மாடி இரும்புக்கடை. விழிஞ்ஞத்தில் துறைமுக வேலைக்குக் கம்பியும் வடமும் கொடுக்கிற கிட்டங்கி. கல்லாற்றில், ஆற்றைப் பார்த்தபடி ஒரு தங்கும் விடுதி. அதன் அஸ்திவாரத்தை மலைவெள்ளம் இரண்டு தடவை இழுத்துக்கொண்டு போனது, மூன்றாம் தடவை நான் விடவில்லை. ஏழாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கு முழுக்குப் போட்டவன் கட்டியவை இவ்வளவும். கடன் கேட்கப் போனபோது என் கையெழுத்தைப் பார்த்துச் சிரித்த பாங்குக்காரர் பிற்பாடு என்னைக் கண்டால் எழுந்து நின்றார். இதெல்லாம் ஊர் அறிந்த சங்கதி. ஊர் அறியாதது ஒன்று உண்டு. பத்து வயதில் நான் ஒரு போரை நிறுத்தியிருக்கிறேன்.

அப்போது கடைக்கு மாடி கிடையாது, ஓட்டுக்கூரைதான். அப்பாவும் பெரியப்பாவும் கூட்டாக நடத்தினார்கள். இடப்பக்கம் பெரியப்பா, வலப்பக்கம் அப்பா. இருவரும் பேசிக்கொள்ளாமல் ஒரு வருஷம் ஆகியிருந்தது. காரணம், கரமனையில் பெரியப்பா கட்டிய புதுவீட்டுக்குக் குடிபுகுந்த பால்காய்ப்பு. வீடு வீடாகப் போய் வெற்றிலை பாக்கு வைத்து ஊரையே அழைத்தவர், தம்பி வீட்டுக்கு மட்டும் வரவில்லை. அப்பா விசேஷத்துக்குப் போகவில்லை. அன்றோடு பேச்சு நின்றது.

அதற்காக வியாபாரம் நிற்க முடியுமா? பள்ளி விட்டு நான் வந்ததும் இருவருக்கும் வாய் திறக்கும்.

"எலே, அங்க சொல்லு, ரெண்டு இஞ்சு ஆணி தீந்துபோச்சுன்னு" என்பார் பெரியப்பா. நாலு எட்டு தள்ளி இருக்கும் அப்பாவுக்கு அது நன்றாகவே கேட்கும். ஆனாலும் நான் போய்ச் சொல்லும்வரை தராசையே பார்த்துக்கொண்டிருப்பார். சொன்னதும், "ஓகோ, அப்படியா? நேத்தே ஆளு விட்டாச்சுன்னு சொல்லு" என்பார். நான் திரும்பி நடப்பேன். நான் பள்ளியில் இருக்கும் நேரம் ஆணி வாங்க வந்தவர்களே தூது போனார்கள்.

பெரியப்பாவின் மகள், எனக்கு அக்கா, கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தாள். மாலையில் கடைக்கு வந்து அவரோடு வீடு திரும்புவாள். பொட்டலம் கட்ட எடைக்கு வாங்கிய பழைய தாள்களுக்குள் ஓர் இங்கிலீஷ் புத்தகம் அவள் கண்ணில் பட்டது. அட்டையில் விண்கப்பல். வெளிநாட்டு டெலிவிஷனில் ஓடிய ஒரு தொடரை வைத்து எழுதிய நாவல் என்றாள். எங்கள் ஊருக்கு டெலிவிஷன் வராத காலம். நான் அதை நடந்த சம்பவம் என்றே வைத்துக்கொண்டேன். கயிற்றுச் சுருள்களின் மேல் உட்கார்ந்து தினமும் கொஞ்சமாகச் சொல்லி வந்தாள்.

இரண்டு கிரகத்து ஆட்கள். ஒரு கூட்டத்துக்கு நாலு கை, மற்றதற்கு உடம்பெல்லாம் செதிள். தலைமுறை தலைமுறையாகச் சண்டை. சமாதானம் பேசப் பூமியிலிருந்து ஒரு கிழட்டுக் கேப்டன் போகிறார். நாலுகைக்காரர்கள் பகைவனைத்தான் முகத்துக்கு நேராகப் பார்ப்பார்களாம். வேண்டியவனுக்கு முதுகைக் காட்டி நிற்பார்கள், உன்னை நம்புகிறேன் என்று அர்த்தம். செதிள்காரர்களுக்கோ அது பெரிய அவமானம்.

"இது என்ன மடத்தனம் அக்கா? ஏன் திரும்பி நிக்கேன்னு ஒரு வார்த்தை கேட்டா தீந்துதே!"

"கேட்டா தீந்துது. யாரு முதல்ல கேக்கது? அதாண்டே பிரஸ்னம்" என்றாள் அக்கா.

ஒரு சனிக்கிழமை மேஸ்திரி வந்து கடையின் நட்டநடுவே நூல் பிடித்தார். திங்கட்கிழமை மதில் எழும்பும் என்றார்கள். அந்தப் பக்கம் அக்கா, இந்தப் பக்கம் நான். கதையோ இரு படைகளும் எதிரெதிரே நிற்கிற இடத்தில் நின்றிருந்தது. சொத்து பிரிவதைப் பற்றி எனக்கு ஒரு கவலையும் இல்லை. கேப்டன் என்ன செய்தார் என்று தெரிந்தாக வேண்டும்.

"சீக்கிரம் சொல்லு அக்கா, பிறகு?"

"கேப்டன் ரெண்டு பக்கமும் தனித்தனியா போனாரு. மத்தவன் உன்னைத் தேடி வாறான்னு ரெண்டு பேருட்டயும் சொல்லிட்டாரு."

"வந்தாங்களா?"

"மீதி திங்கக்கிழமை. மதில் வரலேன்னா."

ஞாயிற்றுக்கிழமை நான் கேப்டன் ஆனேன். அப்பாவிடம், "பெரியப்பாவும் பெரியம்மையும் சாயங்காலம் இங்க வாறாங்களாம்" என்றேன். வெயிலில் கரமனைக்கு ஓடிப் பெரியப்பாவிடம், "அப்பா சாயங்காலம் இங்க வாறாங்க" என்றேன். பெரியப்பா, "வந்தா வரட்டும்" என்று சொல்லிவிட்டு உள்ளே பார்த்துச் சலவை வேட்டி கேட்டார். நான் திரும்பி வந்தபோது அப்பா முகச்சவரம் செய்துகொண்டிருந்தார்.

ஒருவரும் வரவில்லை. இரண்டு பேரும் அவரவர் வாசலில் காத்துக்கொண்டிருந்தால் எப்படி வருவார்கள்? இந்த ஓட்டையைப் பற்றிக் கேப்டன் ஒன்றும் சொல்லவில்லை.

மறுநாள் காலை செங்கல் வந்து இறங்கியது. பள்ளிக்குப் போகும் வழியில் கடையில் எட்டிப்பார்த்த என்னைப் பெரியப்பா கூப்பிட்டார். "எலே, அங்க கேளு. வாறேன்னு சொல்லிட்டு வராம இருக்கது எந்த ஊரு மரியாதைன்னு."

நான் திரும்புவதற்குள் அப்பா எழுந்துவிட்டார். "நானா வாறேன்னு சொன்னேன்? நீங்கல்லா வாறதா சொன்னீங்க! ராத்திரி வரைக்கும் சட்டையைக் கழத்தாம உக்காந்திருக்கேன்."

"நான் எப்பம்டே சொன்னேன்? உன் மதினி உனக்குன்னு அடப்பிரதமன் வச்சு, அது ஆறிக் கட்டியாகி..." பெரியப்பா பாதியில் நிறுத்தினார்.

"ஊருக்கெல்லாம் வெத்தலை வச்சீங்களே அண்ணே. எனக்கு வச்சீங்களா?"

"உனக்கு வெத்தலை வைக்க நீ யாருலே, விருந்தாளியா? வீட்டுக்காரனை எவனாவது அழைப்பானா?" என்றார் பெரியப்பா. "அங்க பால் பொங்குது. நான் வாசலைத்தான் பாத்துட்டு நின்னேன்."

மேஸ்திரி கையில் எடுத்த செங்கல்லை மெதுவாகக் கீழே வைத்தார்.

பிறகு இருவரும் ஒரே சமயத்தில் என்னைப் பார்த்தார்கள். ஒரு காதை அப்பா பிடித்தார், மறுகாதைப் பெரியப்பா. ஒரு வருஷத்துக்குப் பிறகு அண்ணனும் தம்பியும் சேர்ந்து செய்த முதல் காரியம் அதுதான். மதில் எழும்பவில்லை.

மாலையில் மீதிக் கதையைக் கேட்டேன். "சமாதானம் ஆயிட்டாங்க, அவ்வளவுதான்" என்றாள் அக்கா. அத்தனை பெரிய படை, ஒரு குண்டுகூடவா வெடிக்கவில்லை என்று சண்டைக்குப் போனேன். அவள் என் காதுகளைத் தடவிக்கொண்டே சிரித்தாள். சிரிக்கிறவள் ஏன் கண்ணைத் துடைக்கிறாள் என்பது எனக்கு விளங்கவில்லை.

சென்ற மாதம்தான் விளங்கியது. கடையின் ஆண்டுவிழாவுக்கு வந்த அக்காவிடம், பேரனுக்கு வாங்கிக் கொடுக்க அந்தப் புத்தகத்தின் பெயரைக் கேட்டேன்.

"பேரு எங்கடே ஞாபகம் இருக்கு? அதுக்கு கடைசிப் பக்கங்களே இல்ல. உங்க அப்பா அதுல ஸ்க்ரூ பொதிஞ்சு குடுத்தாச்சு. கேப்டன் கடைசியில என்ன செய்தாருன்னு இண்ணு வரைக்கும் எனக்கும் அறியாது."

"அப்பம் முதுகு காட்டுனது?"

"அதும் நான் உண்டாக்கினதுதான். எங்க அப்பாட்ட நேரே சொல்ல எனக்கு தைரியம் இல்ல, கேட்டியா. ரெண்டு பேருக்கும் நடுவுல யாராவது போணும்னு இருந்துது."

எங்கள் இரு வீட்டுப் பிள்ளைகளும் சேர்ந்து ஆண்டுவிழா மலர் போட்டிருக்கிறார்கள். நல்ல வழவழப்பான தாள். அதில், 'பெரியோர்களின் நன்முயற்சியால் சகோதரர்கள் மீண்டும் ஒன்றுபட்டனர்' என்று அடித்திருக்கிறது. எந்தப் பெரியோர்? கதையைக் கட்டியவள் கல்லூரிப் பெண். கரமனைக்கு ஓடியவனும் காதைக் கொடுத்தவனும் நான். அந்த வரியை எடுத்துவிட்டு மலரைத் திரும்ப அடிக்க வேண்டும், செலவு என்னுடையது. எங்கள் இரண்டு பேர் பெயரும் வர வேண்டும். அக்காவின் பெயர் முதலில் வரட்டும், எனக்கு ஆட்சேபம் இல்லை. ஆனால் என் பெயரும் அதே பெரிய எழுத்தில் இருக்க வேண்டும்.