அக்கா கன்னத்தில் மங்கு

ஃபிலிம் கழுவத் தெரியாதவன் மேல் எனக்குக் கோபம் கிடையாது. தெரியாவிட்டால் கற்றுக்கொள்ளலாம். கழுவத் தெரியாமல் கெடுத்துவிட்டு, கெட்டதற்குக் கலை என்று பெயர் வைக்கிறவனைக் கண்டால்தான் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். என் அக்கா வேலை பார்த்த பள்ளிக்கூடத்தின் தாளாளர் அப்படி ஒருவர்.

பாளையங்கோட்டையில் பழைய மிஷன் பள்ளி அது. ஆபீஸ் வராந்தாவில் இதுவரை இருந்த தலைமையாசிரியைகளின் படங்கள் வரிசையாகத் தொங்கும். எல்லாமே கறுப்பு வெள்ளை. எல்லாமே பெரிய கேமராவில் எடுத்தவை. தலைமையாசிரியையாக இருந்த அக்கா அந்த வருஷம் மே மாதக் கடைசியில் ஓய்வு பெற இருந்தாள். பிரிவு உபசாரத்தில் அவளுக்கு என்ன வேண்டும் என்று கேட்டபோது, தன் படமும் அந்தச் சுவரில் மற்றப் படங்களைப் போலவே இருக்க வேண்டும் என்றாள். வேறு எதுவும் கேட்கவில்லை.

"கலர்ப் படம் வேண்டாம்லே. அவ்வளவு பேருக்கு நடுவுல நான் மட்டும் கல்யாண பேனர் மாதிரி நிப்பேன்" என்றாள் என்னிடம்.

எனக்கு உரக்கடை. ஆனால் பெரிய மரக் கேமரா ஒன்று வைத்திருக்கிறேன். அதில் ரோல் கிடையாது. ஒரு படத்துக்கு ஒரு தாள் ஃபிலிம். தட்டையான ஒரு பெட்டியில் முன்னும் பின்னுமாக இரண்டு தாள் வைத்து கேமராவில் செருக வேண்டும். என்னிடம் அப்போது ஃபிலிம் தீர்ந்திருந்தது. தாளாளரும் இதே கிறுக்குப் பிடித்தவர், அவருடைய ஃபிரிட்ஜில் ஃபிலிம் இருந்தது. அவரிடம் வாங்கினேன். அதுதான் வினை.

அக்காவை வெள்ளைச் சுவர் முன்னால் உட்காரவைத்து, ஆடாமல் அசையாமல் ஒரே மாதிரி நான்கு தாள் எடுத்தேன்.

"ஃபிலிம் நம்மளது, அதனால நானே கழுவித் தாரேன்வே. நீரும் வந்து பாரும், கத்துக்கிடலாம்" என்றார் தாளாளர்.

ஒரு பெட்டியை அவரிடம் கொடுத்தேன். இன்னொன்றைப் பைக்குள் போட்டுக்கொண்டேன். அவர் எண்ணிப் பார்க்கிற ஆள் இல்லை. பேசுகிற ஆள்.

அவர் வீட்டு மாடியில் ஒரு குளியலறையையே இதற்கென்று ஒதுக்கியிருக்கிறார். வெளிநாட்டுத் தட்டுகள், வெளிநாட்டு வெப்பமானி, சுவரில் ஒரு சிவப்பு விளக்கு. இந்த ஃபிலிமுக்குச் சிவப்பு விளக்கும் ஆகாது, முழு இருட்டுதான் வேண்டும் என்று தெரிந்துகொள்வதற்குள் அவர் ஒரு டப்பா ஃபிலிமைக் காலி செய்திருந்தார். அதைக்கூட அனுபவம் என்றுதான் சொல்லுவார்.

மே மாத மத்தியானம். மாடித் தொட்டியிலிருந்து வருகிற தண்ணீரில் முட்டை அவிக்கலாம். அந்தத் தண்ணீரில், படத்தை வெளியே கொண்டுவருகிற டெவலப்பர் மருந்தைக் கெட்டியாகக் கலந்தார். மருந்து சூடாகவும் கெட்டியாகவும் இருந்தால் வெறி பிடித்த மாதிரி வேலை செய்யும். தாளின் ஒரு மூலை நனைவதற்குள் மறு மூலை கறுக்கத் தொடங்கிவிடும். முதலில் தாளை வெறும் தண்ணீரில் ஊறவையுங்கள் என்றேன்.

"அதெல்லாம் பயந்தவன் வேலைவே" என்று சொல்லி விளக்கை அணைத்தார்.

இரண்டு தாளையும் ஒரே தட்டில் ஒன்றாகப் போட்டார். சத்தத்தை வைத்தே தெரிந்தது. பிறகுதான் அவருக்கு விரல் சுட்டிருக்க வேண்டும்.

"கொஞ்சம் சூடாத்தான் இருக்கு, என்னவே?"

பதில் சொல்வதற்குள் இருட்டில் ஏதோ முறுக்குகிற சத்தம். அப்புறம் டொடக், டொடக் என்று தட்டுக்குள் விழுந்தது.

"அண்ணாச்சி, என்ன போடுதீய?"

"ஐஸ்தான். கீழ ஃப்ரீசர்ல இருந்து எடுத்தாந்தேன்."

மருந்துக்குள்ளேயே ஐஸ்கட்டி! உவரியிலிருந்து வந்த சீலா மீனோடு கிடந்த ஐஸ் போல. அறை முழுக்க மீன் வாடை. ஃபிலிம் வெளியே கிடக்கும்போது விளக்கைப் போட முடியாது. தட்டு எங்கே இருக்கிறது என்றும் எனக்குத் தெரியவில்லை. மிதக்கிற ஐஸ் தாளின் மேல் உரசுகிற சத்தத்தைக் கேட்டுக்கொண்டு நின்றேன். ஐஸ் நின்ற இடத்தில் மருந்து வேலை செய்யாது, ஃபிலிமில் வெளுத்த அந்த இடம் பிரிண்டில் கறுப்பாக விழும். பக்கத்தில் தீயாக வேலை செய்யும். இது உரக்கடைக்காரனுக்குத்தான் தெரிய வேண்டும் என்று இல்லை, டீக்கடையில் பால் ஆற்றுகிறவனுக்கும் தெரியும்.

மறுநாள் பிரிண்ட் போட்டுத் தேக்குச் சட்டம் அடித்து அக்காவிடம் காட்டினார். பின்னால் சுவரெல்லாம் திட்டுத் திட்டாக அழுக்கு. அக்காவின் இடது கன்னத்தில் கறுப்பாக ஒரு படை.

"எனக்கு எப்ப சார் மங்கு விழுந்துச்சு?" என்று கேட்டாள் அக்கா.

"அதுதான் டீச்சர் ஃபிலிமோட அழகு. கம்ப்யூட்டர்ல கொண்டுவர முடியுமா?"

அவர் போனபிறகு அக்கா கண்ணாடி முன்னால் போய் நின்றாள். தன் கன்னத்தை ஒரு தடவை தொட்டுப் பார்த்துக்கொண்டாள். வாழ்நாள் முழுக்கப் பிள்ளைகளுக்குச் சுத்தம் சொல்லிக்கொடுத்தவளை, கழுவாத மூஞ்சியோடு அந்தச் சுவரில் மாட்டப் போகிறார்கள்.

அன்று மத்தியானம் கடையை அடைத்துவிட்டு மிச்சம் இரண்டு தாளையும் கழுவினேன். இதில் மந்திரம் எதுவும் இல்லை. பொறுமை இருந்தால் போதும், அதுதான் அந்த மனுஷனுக்குக் கிடையாது. பெரிய அண்டாவில் ஐஸைக் கொட்டி, மருந்துப் பாட்டிலை மூடியோடு அதற்குள் நிறுத்தினேன். ஐஸ் வெளியேதான், உள்ளே இல்லை. மருந்தைத் தண்ணியாகக் கலந்தேன், பைய வேலை செய்யட்டும் என்று. தாளைவிடப் பெரிய தட்டு, தாராளமாக மருந்து, ஒரு நேரத்துக்கு ஒரே தாள். முதலில் தண்ணீரில் ஊறவைத்து, பிறகு தயங்காமல் ஒரே வீச்சில் மருந்துக்குள் இறக்கினேன். தட்டின் நான்கு பக்கத்தையும் மாற்றி மாற்றித் தூக்கி ஆட்டினேன். ஒரே பக்கமாக ஆட்டினால் அலை ஒரே இடத்தில் போய் அடித்து ஓரத்தில் கோடு விழும்.

சுவர் சுவராக வந்தது. அக்கா அக்காவாக வந்தாள்.

பிரிண்டைத் தாளாளரிடம் கொண்டுபோய்க் காட்டினேன். கண்ணாடியைத் தூக்கிவிட்டுப் பார்த்தார்.

"வழவழன்னு இருக்குவே. செல்போன்ல எடுத்தாப்ல. இதுல உசிரு இல்லை" என்று திருப்பிக் கொடுத்துவிட்டார்.

அக்காவிடம் வந்து கத்தினேன். அவள் அமைதியாகக் கேட்டாள்.

"ஸ்கூல் சாவி நாளைக்கு சாயங்காலம் வரைக்கும் என்கிட்டதான இருக்கு? சுத்தியல் எடுத்துட்டு வாலே."

விழாவுக்கு முன்னால், வராந்தாவில் யாரும் இல்லாத நேரத்தில், விழாவுக்காகச் சுவரில் மாட்டியிருந்த அந்தத் தேக்குச் சட்டத்தை இறக்கி, பின்பக்க ஆணிகளைக் கழற்றி, அவர் பிரிண்டை எடுத்துவிட்டு என்னுடையதை வைத்து அடித்தேன். திரும்ப மாட்டியதும் அக்கா திரைத் துணியை எடுத்து மேலே மூடினாள்.

எல்லாரும் வராந்தாவில் கூடினார்கள். தாளாளர் துணியை விலக்கினார். ஆள் கண்டுபிடித்துவிடுவார், சண்டை வரும் என்று நான் தயாராகத்தான் நின்றேன். அவர் படத்தை நிதானமாகப் பார்த்தார். பிறகு மைக்கை வாங்கினார்.

"இந்தப் படத்தை என் கையாலேயே கழுவினேன். இந்த வெயிலிலே, ஐஸ் போட்டு. அந்தச் சுவரைப் பாருங்கள். அந்த ஏற்ற இறக்கத்தைப் பாருங்கள். இதில் ஒரு உயிர் இருக்கிறது."

சுவரில் ஒரு ஏற்ற இறக்கமும் இல்லை. சுண்ணாம்பு அடித்த சுவர். எல்லாரும் கைதட்டினார்கள். நான் வாயைத் திறந்தேன். அக்கா என் சட்டையைப் பிடித்து இழுத்தாள்.

"சும்மா நில்லுலே. படம் மாட்டியாச்சு" என்று சொல்லிவிட்டு அவளும் கைதட்டினாள்.