கன்னத்தில் பதிந்த பூ

ராதாபுரம் பக்கத்து மிஷன் ஊரில் லேஸ் பின்னிப் பிழைத்தவள் இன்பமணி. 1910 வாக்கில் வந்த ஒரு புதுப் பூ டிசைன் அவளுக்குப் பிடிபடவே இல்லை. காலையெல்லாம் முட்டி மோதிக் களைத்து, மதியம், பூ வடிவில் குண்டூசி குத்தி அதன்மேல் லேஸ் பின்னும் தலையணையிலேயே கன்னம் சாய்த்துத் தூங்கிவிட்டாள். எழுந்ததும் கை தானாகப் பூவைப் பின்னியது.

“கன்னத்துல பாரு, ஊசித் தடம்! பூ அது வழியாத்தாம்ட்டி மண்டைக்குள்ள ஏறியிருக்கு,” என்றாள் அவள் மைனி, அண்ணன் மனைவி பாக்கியவதி.

மறுநாள் காலை லேஸ் பின்னும் பெண்கள் எல்லோரும் தலையணையில் கன்னத்தை அழுத்திக்கொண்டு, ஊசி உறுத்த, கொட்டக் கொட்ட விழித்துக் கிடந்தார்கள். ஒருத்திக்கும் பூ வரவில்லை.

“ஏறுனது தூக்கத்துல மைனி! எல்லாரும் பாயை விரிச்சுப் படுங்க,” என்று கத்தினாள் இன்பமணி.

படுத்தார்கள். தூங்கி எழுந்த பாக்கியவதி பிசகில்லாமல் பூவைப் பின்னி முடித்தாள். பிறகு கன்னத்தைத் தடவிக்கொண்டே சொன்னாள்:

“தூக்கமாவது! காலையில குத்துன ஊசி இப்பத்தாம்ட்டி வேலை செய்யுது.”