டீச்சருக்கு ஒரு மப்ளர்

எங்கள் வீட்டில் எனக்குத் திமிர் பிடித்தவள் என்று பெயர். கூப்பிட்டால் திரும்ப மாட்டேனாம். மூன்றாம் வகுப்புக்கு வந்தும் எழுத்துக்கூட்டத் தெரியவில்லை. "இதோட நிறுத்திரலாம். திருப்பூர்ல சித்தி கொழந்தையப் பாத்துக்கட்டும்" என்று அப்பா முடிவே கட்டிவிட்டார். அதை அவர் வாயைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன். சத்தம் ஏதோ வரும், சொல்லை வாயில்தான் பார்க்க வேண்டும். எல்லாருக்கும் அப்படித்தான் என்று நினைத்திருந்தேன்.

நீலகிரியில் குந்தா பக்கம், அம்மா கொழுந்து பறித்த தேயிலை எஸ்டேட்டில்தான் எங்கள் பள்ளிக்கூடம். அந்த வருடம் கரூரிலிருந்து புது டீச்சர் வந்தார். நாங்கள் குடியிருந்த லயன் வீடுகளுக்குப் பக்கத்திலேயே தங்கி, காலையில் எங்களோடு நடந்து வருவார். மலைக்குளிர் பழகாதவர். ஸ்வெட்டருக்கு மேல் ஸ்வெட்டர், தலையையும் வாயையும் சுற்றி மப்ளர், கண் மட்டும் தெரியும். வகுப்பிலும் அதே கோலம். அவர் நடத்திய பாடத்தில் ஒரு சொல்கூட எனக்கு விளங்கவில்லை.

ஒருநாள் காலையில் நல்ல மூடுபனி. பாதைத் திருப்பத்தில் காட்டெருமை ஒன்று நின்றிருந்தது. மற்ற பிள்ளைகள் அப்படியே நின்றுவிட, நான் பாட்டுக்குத் தலையைக் குனிந்துகொண்டு நடந்தேன். பின்னாலிருந்து எல்லாரும் கத்தினார்களாம். யாரோ ஸ்வெட்டரைப் பிடித்து இழுத்தபோதுதான் நிமிர்ந்தேன். அம்மாடி, எவ்வளவு பெரிய கொம்பு! இழுத்தது டீச்சர். எருமை எங்களை ஒரு பொருட்டாகவே மதிக்காமல் தேயிலைக்குள் இறங்கிப் போனது.

சாயங்காலம் டீச்சர் எங்கள் வீட்டுக்கு வந்தார். அவர் எதிரிலேயே அம்மா என் முதுகில் ஒன்று வைத்தாள். "அத்தன பேரு கத்தியும் போறாளே! எல்லாம் திமிருங்க டீச்சர்."

டீச்சர் எனக்கு முதுகு காட்டி நின்று ஏதோ சொன்னார். அம்மா அழுதாள். அவர் சொன்னதை அம்மா வாயால் கேட்டது பல வருடம் கழித்துத்தான்: "திமிரு இல்லீங்க்கா. புள்ளைக்குக் காது சரியாக் கேக்கல. ஊட்டி ஆஸ்பத்திரில காட்டலாம். இந்த ஒரு வருசம் மட்டும் எங்கிட்ட விடுங்க." அப்பாவிடமும் அவரே பேசிச் சம்மதிக்க வைத்தாராம். காதுக்குக் கருவி வந்தது அடுத்த வருடம்தான்.

மறுநாளிலிருந்து வகுப்பில் மப்ளர் இல்லை. போர்டில் எழுதி முடித்து, எங்கள் பக்கம் திரும்பி நின்ற பிறகே டீச்சர் பேசுவார். "குளுருது, நெருங்கி உக்காருங்க" என்று பெஞ்சுகளை அரைவட்டமாகப் போட்டார். நானோ மளமளவென்று வாசிக்கத் தொடங்கினேன். திருப்பூர்ப் பேச்சு நின்றது. எனக்குத் திடீரென்று அறிவு முளைத்துவிட்டது என்று ஒரே பெருமை.

உறைபனிக் காலம் வந்தது. டீச்சரின் உதடு வெடித்து ரத்தம் கசிந்தது. உறைந்த தேங்காய் எண்ணெயைச் சுரண்டித் தடவிக்கொண்டு பாடம் நடத்துவார். ஐயோ பாவம், கீழே இருந்து வந்தவர், குளிரில் வாயை மூட வேண்டும் என்றுகூட மறந்துவிட்டாரே என்று எனக்கு மனசு கேட்கவில்லை. அம்மாவை நச்சரித்து, நீலக் கம்பளியில் புது மப்ளர் பின்ன வைத்தேன்.

டீச்சர் அதை வாங்கிக் கன்னத்தில் வைத்துக்கொண்டார். வழியெல்லாம் வாயை மூடிச் சுற்றிக்கொண்டு வந்தவர், வகுப்பு வாசலுக்கு வந்ததும் கழற்றிவிட்டார். எனக்கு அழுகை முட்டியது.

"புடிக்கலீங்களா டீச்சர்?"

என் முகத்துக்கு நேராகக் குனிந்து, வெடித்த உதட்டால் நிதானமாகச் சொன்னார்: "ரொம்பப் புடிச்சிருக்கு கண்ணு. உள்ள வந்தா எனக்கு வேர்க்குது, அதான்."

அந்தப் பனியில் வேர்க்கிறதாம்! கரூர் உடம்பு அப்படித்தான் போலிருக்கிறது என்று நம்பி, அவர் முகத்துக்கு நேரே இருந்த என் இடத்தில் போய் உட்கார்ந்துகொண்டேன்.